கர்னல் பென்னிகுவிக் துரையவர்கள்: விருப்பம் குறிக்கோளான வரலாறு

மக்களாய்ப் பிறந்தோர் யாவரும் மேன்மையடைய விரும்புகின்றனர். விரும்புவோர் பலராகவும், அடைவோர் மிகச் சிலராகவும் இருத்தலின் காரணம் யாதென வினவினால், சிலர் ஊழின் மீதும், சிலர் பொருளின்மையின் மீதும், இன்னுஞ் சிலர் பிறர் செய்யும் இடையூற்றின் மீதும் பழியைச் சுமத்தி அமைதி கொள்கின்றனர். இவை யாவும் ஓரளவு உண்மையே. எனினும் இவற்றினும் பெரியதொரு காரணம் உண்டு. அஃதாவது, நம்மிற் பெரும்பாலோர் விருப்பத்தையே குறிக்கோளென மயங்கிவிடுகின்றோம். விருப்பத்திற்கு அளவில்லை, காலவரையறை இல்லை, செலவுக் கணக்கும் இல்லை. குறிக்கோளுக்கோ இம்மூன்றும் உண்டு. மகனைப் படிக்கவைத்துப் பெரிய உத்தியோகத்தில் அமர்த்த வேண்டுமென எண்ணுதல் விருப்பம். எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, மாதந்தோறும் எவ்வளவு மிச்சம் பிடித்தால் அது கைகூடும் என எழுதிவைத்து, எழுதியபடி நடத்தல் குறிக்கோள்.

இவ்வேறுபாட்டை உணர்தற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் கோச்சடைக்கு வடபால் ஓடும் வைகையே அதற்குச் சான்று கூறும். அவ்வாற்றில் மேற்கு மலைக்கு அப்பாலுள்ள பெரியாற்றின் நீரைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமென்பது ஏறக்குறைய நூறாண்டுக் காலம் பலருடைய விருப்பமாக இருந்து, பின்னர் ஒருவருடைய கையில் குறிக்கோளாக மாறி, 1895-ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. அவரே கர்னல் ஜான் பென்னிகுவிக் துரையவர்கள். அவர் நம் நாட்டினரும் அல்லர். நம் மதத்தினரும் அல்லர். நம் குலத்தினரும் அல்லர். ஆயினும் அவருடைய வாழ்க்கை நம் சங்கத்து அன்பர்களும், தாய்மார்களும், சிறப்பாக நம் இளைஞர்களும் ஊன்றிப் படிக்கத்தக்கது.

வைகையும் வறட்சியும்

வருஷநாட்டு மலைகளில் தோன்றும் வைகை, மதுரையைத் தழுவிக் கிழக்கே சென்று இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நாடுவது. அது கடலைச் சென்றடைதல் அரிது. வழியிலுள்ள கண்மாய்களே அதன் நீரைக் குடித்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையைத் தன் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் தடுத்துக் கொள்வதால், கீழ்ச்சரிவிலுள்ள நம் சமவெளி மழை குன்றியதாயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்க்குமாயின் ஆறும் பொய்க்கும். ஆறு பொய்த்தால் கண்மாயும் கழனியும் வெடித்துப் போகும்.

இதன் கொடுமையை நம் முன்னோர் தாது வருஷத்துப் பஞ்சத்தில் கண்டனர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தில் மதுரை ஜில்லாவும் பெரிதும் துன்புற்றது. விதை நெல்லையும் உண்டு, மாட்டையும் விற்று, ஊரையும் விட்டுச் சென்ற குடும்பங்கள் பல. அக்காலத்து முதியோர் தம் பேரக் குழந்தைகளுக்கு வயதைச் சொல்லும்போதும் தாது வருஷத்தையே எல்லைக்கல்லாக வைத்துச் சொல்வர்.

இவ்வாறு நம் பக்கம் வறண்டிருக்க, அதே மலையின் மறுபக்கத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் காட்டில் பெரியாறு கரைபுரண்டு மேற்கே ஓடி அரபிக் கடலிற் கலந்துகொண்டிருந்தது. இரண்டிற்கும் இடையே நின்றது ஒரு மலைமுகடு மாத்திரமே.

நூறாண்டு விருப்பம்

இம்முகட்டைத் துளைத்தோ வெட்டியோ நீரைக் கிழக்கே திருப்பலாமென்னும் எண்ணம் ஆங்கிலேயரிடத்துத் தோன்றியதன்று. இராமநாதபுரம் சேதுபதி மன்னரிடம் பிரதானியாக விளங்கிய முத்திருளப்ப பிள்ளை என்பார், 1789-ஆம் ஆண்டளவில் அறிவிற் சிறந்த பன்னிருவரை மலைக்கு அனுப்பி இடத்தைப் பார்த்துவரச் செய்தார். அவர்கள் திரும்பி வந்து, இயலுமென்றே கூறினர். பிரதானியாருக்கு நன்னோக்கம் இருந்தது. நல்ல துணைவர் இருந்தனர். வேண்டிய பொருள் மட்டும் இல்லை. எண்ணம் அவ்வளவில் நின்றது.

1808-ஆம் ஆண்டில் காப்டன் கால்டுவெல் என்னும் அதிகாரி இடத்தைப் பார்வையிட்டு, இது நடவாத காரியம் எனத் தள்ளிவிட்டார். 1850-ஆம் ஆண்டில் சிறிய அளவில் வேலை தொடங்கப்பெற்றது. காட்டுச் சுரம் கூலியாட்களை வீழ்த்தியது, எஞ்சியவர் கூடுதல் கூலி கேட்டனர், வேலை கைவிடப்பட்டது. 1860-க்குப் பின் ரைவ்ஸ் என்பவர் உயர்ந்ததோர் அணைக்குத் திட்டம் வகுத்தார். 1872-இல் ஸ்மித் என்பவர் மண்ணணைத் திட்டமொன்றைத் தந்தார். அதனைக் குறித்து ஆலோசனை நடந்துகொண்டிருக்கும் போதே தாது வருஷத்துப் பஞ்சம் புகுந்து யாவற்றையும் நிறுத்திவிட்டது.

இவர்களை நாம் தோற்றவர் எனச் சொல்லி ஒதுக்கிவிடுதல் நன்றியன்று. ஒருவர் இடத்தைக் கண்டார். ஒருவர் உயரத்தை ஆராய்ந்தார். ஒருவர் சுரத்தின் வலிமையைத் தெரியப்படுத்தினார். பின்வந்தவர் அறிந்து கொள்ளவேண்டிய பாடம் ஒவ்வொரு தோல்வியிலும் இருந்தது.

பிறப்பும் இளமையும்

ஜான் பென்னிகுவிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் தேதி பூனா நகரத்திற் பிறந்தார். தந்தையாரும் படைத்தலைவர். 1849-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி பாஞ்சால நாட்டில் சீக்கியரோடு நிகழ்ந்த சிலியன்வாலாப் போரில் அத்தந்தையாரும், இளம் பருவத்தினராகிய தமையனாரும் ஒரே நாளில் மாண்டனர். அப்போது நம் பென்னிகுவிக்குக்கு எட்டு வயது நிரம்ப இரண்டு நாள் இருந்தது. தந்தையை இழந்த பிள்ளை முன்னேறமாட்டான் என மனஞ் சோர்வோர் இதனை நினைத்தல் நலம்.

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும், பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் படை அதிகாரிகளைப் பழக்குதற்கு நடத்திவந்த அடிஸ்கூம் கலாசாலையிலும் அவர் கற்றார். 1858-இல் சென்னை இஞ்சினீயர் படைப்பிரிவில் அதிகாரியாகி, 1860-இல் இந்தியாவை அடைந்தார். சென்னை இராஜதானியின் மராமத்து இலாகாவில் அமர்ந்து, ஆறு, வாய்க்கால், பாலம் முதலியவற்றில் இருபதாண்டுகளுக்கு மேல் பழகினார். மட்டைப்பந்தாட்டத்திலும் மிக்க விருப்பமுடையவர். சென்னைச் சேப்பாக்கத்து ஆட்டக் களத்தின் வரலாற்றில் அவர் பெயர் இன்றும் பேசப்பெறுகின்றது.

இங்கே இளைஞர் கவனிக்கவேண்டியது ஒன்று. பெரியாற்றுப் பணி அவர் கைக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அதற்கு முந்திய இருபதாண்டும் அவர் சிறிய வேலைகளைச் செவ்வனே செய்து கொண்டிருந்தார். பெரிய காரியம் வரும்வரை காத்திருப்பேன் என்று கைகட்டி நிற்பவனுக்குப் பெரிய காரியம் வருவதில்லை.

அளவும் கணக்கும்

1882-ஆம் ஆண்டில் புதிய திட்டமும் செலவு மதிப்பும் தயாரிக்குமாறு பென்னிகுவிக் நியமிக்கப்பட்டார். அவர் செய்தது யாது? மலைமேல் ஆற்றின் குறுக்கே உயர்ந்த அணை கட்டினால் நீர் தேங்கிப் பெரிய ஏரியாகும். அவ்வேரியின் ஒரு கோடி கிழக்கு முகட்டை அணுகி நிற்கும். அவ்விடத்தில் முதலில் திறந்த வாய்க்காலும், பின் மலையின் ஊடே ஒரு மைலுக்குச் சற்று மிகுதியான சுரங்கமும் வெட்டினால், நீர் தானே வழிந்து கீழ்ச்சரிவில் இறங்கி, வைரவனாற்றையும் சுருளியாற்றையும் பற்றி வைகையை அடையும். நீரை இறைத்து ஏற்றவேண்டுவதில்லை. மலையின் உயரமே அதற்குரிய வலிமையைத் தரும்.

அணைக்கு அவர் வகுத்த உயரம் ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி. நீளம் ஏறக்குறைய 1,200 அடி. மண்ணால் அன்றி, இருமுகமும் கருங்கற் கட்டடமாகவும், நடுவயிறு சுண்ணாம்பும் சுர்க்கியும் மணலும் உடைகல்லும் கலந்த காரைத் திரளாகவும் அமைக்கத் துணிந்தார். சுர்க்கியென்பது சுட்ட செங்கல்லின் பொடி. அது சுண்ணாம்புடன் சேர்ந்து நீருக்குள்ளும் இறுகும் இயல்புடையது. பிரான்சு தேசத்தில் ஃபூரான் ஆற்றின் குறுக்கே 1866-இல் கட்டிமுடித்த கல்லணை போன்ற உயர்ந்த அணைகள் அக்காலத்து உலகில் மிகச் சிலவே இருந்தன. மனித சஞ்சாரமற்ற காட்டில், ஆண்டில் இருமுறை வெள்ளம் பெருகும் ஆற்றில், இவ்வளவு உயர்ந்த அணையைக் கட்டுதல் அஞ்சத்தக்க முயற்சியே.

திட்டம் 1884-இல் மேலதிகாரிகளின் ஒப்புதல் பெற்றது. ஆயின், அணை நிற்கவேண்டிய நிலம் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு உரியது. நெடுங்காலப் பேச்சுக்குப் பின், 1886-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ஆம் தேதி உடன்படிக்கை எழுதப்பெற்றது. சமஸ்தானத்தின் சார்பில் திவான் இராம ஐயங்கார் அவர்களும், மற்றப் பக்கத்தில் ரெசிடெண்டு ஹானிங்டன் துரையவர்களும் கையொப்பமிட்டனர். 8,000 ஏக்கர் நிலத்திற்கு ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை. காலம் 999 ஆண்டு.

இப்போது கவனிமின். 1789-இல் இருந்தது எண்ணம். 1886-இல் இருந்தவை உயரம், நீளம், சுரங்கத்தின் அளவு, செலவு மதிப்பு, நிலத்துக்கு உரியவரோடு எழுதிய பத்திரம். விருப்பம் குறிக்கோளாயிற்று என்பதன் பொருள் இதுவே.

காட்டில் எட்டாண்டு

1887-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வேலை தொடங்கிற்று. தொடங்கிய பின்னரே உண்மையான சோதனை வந்தது. அருகிலுள்ள ஊர் கூடலூர். அதற்கும் வேலையிடத்திற்கும் நடுவே மலையும் அடர்ந்த காடும் கிடந்தன. சுண்ணாம்பு முதலிய பண்டங்கள் சமவெளியிலிருந்து மாட்டு வண்டிகளில் மலையடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து இரும்புக் கம்பிவடத்தில் தொங்கி மேலேறி, அதன்பின் காட்டைக் கடந்து அணையை அடைய வேண்டும். யானையும் காட்டு விலங்கும் உலாவும் இடத்தில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் குடிசையிட்டுத் தங்கினர். சென்னைப் பயனீர் பட்டாளத்தார் காடு வெட்டி வழி செய்தனர். கல்வேலைக்குக் கச்சு தேசத்துக் கொத்தர்களும், மரவேலைக்குக் கொச்சியிலிருந்து தச்சர்களும் வந்தனர். கூலிவேலைக்கு நம் மதுரைச் சீமையிலிருந்தும் அயற்சீமைகளிலிருந்தும் பல குலத்தாரும் சென்றனர்.

ஆற்றிலே வேலைசெய்ய வேண்டுமாயின் நீர் வற்றியிருத்தல் வேண்டும். நீர் வற்றுங் காலம் கோடை. அக்கோடையிலேதான் விஷசுரம் தலைவிரித்தாடும். சுரம் தணியும்போது மழை தொடங்கும். மழை தொடங்கினால் வெள்ளம் வரும். இவ்வாறு ஆற்றுக்கும் நோய்க்கும் நடுவே எஞ்சிய சில வாரங்களே அடித்தள வேலைக்கு வாய்த்தன. வெள்ளத்தைத் திருப்பக் கட்டிய தற்காலிகக் கரைகள் ஒருமுறையன்று, பலமுறை அடித்துச் செல்லப்பட்டன. மாதக்கணக்கில் உழைத்த வேலை ஓரிரவில் மறைந்து, மறுநாட் காலையில் வெறும் ஆறு மட்டும் ஓடுவதைக் கண்டவர் மனம் எவ்வாறிருந்திருக்கும்! ஒவ்வொரு முறையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். அடித்தளம் வெள்ளமட்டத்திற்கு மேல் எழும்பிய பின்னரே பணி நிலைபெற்றது.

விஷசுரம் கொசுவாற் பரவுவதென்பதை ரோனால்டு ராஸ் என்னும் வைத்தியர் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். அதாவது அணை முடிந்து இரண்டாண்டு சென்ற பின்னரே. ஆகவே இவர்கள் பகைவன் யாரென அறியாமலே போரிட்டனர். பணியின்போது நோயால் இறந்தோர் தொகை 483 எனக் குறிக்கப்பட்டுள்ளது. அவர்களுடைய புதைகுழிகள் அணைக்கு அருகே உள்ளன. அவர்களுட் பெரும்பாலோர் பெயரை நாம் அறியோம். பென்னிகுவிக் பெயரைச் சொல்லுந்தோறும் இப்பெயரற்றோரையும் நினைத்தல் நம் கடமை. பல்லக்கில் அமர்ந்தவரை மட்டும் வணங்கிச் சுமந்தவரை மறத்தல் அறமாகாது.

1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு நீர்வழியைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பிற்று.

கதையும் உண்மையும்

பென்னிகுவிக் தம் இங்கிலாந்துச் சொத்தையும் மனைவியாரின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்றொரு செய்தி நம் நாட்டில் வீடுதோறும் வழங்குகின்றது. அது நன்றியுணர்ச்சியினின்று முளைத்தது. ஆதலால் அதனைச் சொல்வோரை நாம் கடிந்து கொள்ளல் வேண்டா. ஆயினும் அணை சென்னைச் சர்க்காரின் பணி என்பதும், எண்பது இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட அதன் செலவு சர்க்கார் பொக்கிஷத்தைச் சார்ந்தது என்பதும் பணியின் பதிவுகளால் விளங்குவன. சர்க்காரும் அதனைத் தருமமாக மாத்திரம் செய்யவில்லை. பஞ்சம் தீரும் என்பதோடு, தீர்வை பெருகும் என்பதையும் கணக்கிட்டே செய்தது.

இதனை இங்கே எடுத்துரைப்பது அவர் புகழைக் குறைப்பதற்கன்று. விற்பதற்குச் சொத்துடையவனே பெருங்காரியம் செய்ய இயலும் என்று நம் பிள்ளைகள் நம்பிவிட்டால், சொத்தில்லாத வீட்டுப் பிள்ளை முயலுமுன்னரே மனம் ஒடிந்துபோவான். பென்னிகுவிக் கொடுத்தது நகையினும் அரியது. நாற்பத்தோராம் வயது முதல் ஐம்பத்து நான்காம் வயது வரை, தம் வாழ்நாளின் வலிமை மிக்க பதின்மூன்று ஆண்டுகளை ஒரே காரியத்தின் மேல் வைத்தார். இடையே பதவி உயர்ந்து இராஜதானியின் தலைமை இஞ்சினீயர் ஆன பின்னும் அப்பணியை விட்டகலவில்லை. பொன்னை இழந்தவன் மீண்டும் ஈட்டலாம். ஆண்டுகளை இழந்தவன் ஈட்ட இயலாது. அக்காணிக்கை ஏழைக்கும் செல்வனுக்கும் ஒப்ப உரியது.

தலைமையின் இயல்பும் இங்கே விளங்கும். தலைவன் என்பான் யாவற்றையும் தானே செய்பவன் அல்லன். கல்லுக்கு ஏற்ற கைகளையும், மரத்துக்கு ஏற்ற கைகளையும் தேடிச் சேர்ப்பவன். அவருக்குத் துணையாய் நின்ற மெக்கென்ஸி என்னும் இஞ்சினீயர் 1899-இல் பெரியாற்றுப் பணியின் வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். வெற்றிகளோடு வெள்ளம் கொண்டுசென்ற கரைகளையும், சுரத்தால் நின்ற நாட்களையும் கணக்கில் வைத்திருந்தமையாலேயே இன்று நாம் அவற்றை அறிகின்றோம். தன் குறையையும் ஏட்டில் எழுதவிடும் கூட்டமே நிலைக்குங் கூட்டம்.

விளைந்த பயன்

சுரங்கத்தைக் கடந்த நீர் முதலில் கம்பம் பள்ளத்தாக்கை இருபோக நன்செய் ஆக்கிற்று. பின் வைகையோடு கலந்து பேரணையை அடைந்து, அங்கிருந்து பிரியும் பெரியாற்றுப் பெருங்கால்வாய் வழியே மேலூர்ச் சீமை வரை சென்று கண்மாய்களை நிறைத்தது. வானம் பார்த்த பூமியாய்க் கிடந்த இடங்களில் நாற்று நடும் பாட்டு எழுந்தது. பிற்காலத்தில் அந்நீரின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரமும் எடுக்கப்பெற்றது. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்ட பின், பெரியாற்று நீர் அதிலும் தேங்கி மதுரைக்கு வருகின்றது. நம் கோச்சடை இன்று மாநகராட்சிக்குள் அடங்கி, கழனி இருந்த இடங்களில் வீடுகள் நிறைந்துவிட்டன. ஆயினும் மாநகரத்தார் குடிக்கும் நீரிலும் பெரியாறு கலந்திருக்கின்றது. உழவை விட்டவரும் அந்நன்றியை விட இயலாது.

சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அவ்வணை, 1979-க்குப் பின் காங்கிரீட்டு முதலியவற்றால் வலுப்படுத்தப்பெற்று, நூற்று முப்பது ஆண்டுகளாக நின்று பயன் தருகின்றது.

பிற்காலம்

பணி முடிந்தபின் பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று, 1896 முதல் 1899 வரை, இந்தியாவுக்கு இஞ்சினீயர்களைப் பயிற்றிய கூப்பர்ஸ்ஹில் கல்லூரியின் தலைவராய் அமர்ந்தார். தாம் கற்றதைத் தம்மோடு கொண்டுபோகாமல், பெரியாற்றைத் திருப்பிய முறையை விரித்து இஞ்சினீயர் சபைக்குக் கட்டுரை எழுதினார். ஆஸ்திரேலியாவிலுள்ள பிரிஸ்பேன் நகரத்து வெள்ளத்தைத் தடுக்கும் வகை குறித்து 1899-இல் அறிக்கையும் தந்தார். 1911-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9-ஆம் தேதி கேம்பர்லி என்னும் ஊரில், தம் எழுபதாம் வயதில் காலமானார்.

தேனி ஜில்லாவில் அவர் படத்தை வீட்டிற் பூசித்து, அவர் பெயரைப் பிள்ளைக்கு இட்டு, அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15-இல் பொங்கலிடுவோர் பலர். மதுரைத் தல்லாகுளத்துப் பொதுப்பணி இலாகா வளாகத்தில் அவர் சிலை உள்ளது. கூடலூருக்கு அருகேயுள்ள லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பெற்றது. இவற்றை எந்த ஒரு குலத்தார் மட்டும் செய்யவில்லை. நீர் பெற்றவர் யாவரும் செய்தனர்.

நமக்குரிய பாடம்

அன்பர்களே! குலச் சங்கங்கள் ஆண்டுதோறும் கூடுகின்றன. மாணவர் விடுதி, ஏழைப் பெண்களின் கல்வி நிதி, தொழிற்பயிற்சி எனத் தீர்மானங்கள் கரகோஷத்தோடு நிறைவேறுகின்றன. அடுத்த ஆண்டும் அவையே மீண்டும் நிறைவேறுகின்றன. இவை தீர்மானங்களல்ல, விருப்பங்கள். முத்திருளப்ப பிள்ளையவர்களுக்குப் பொருளில்லாத குறை ஒன்றே இருந்தது. நமக்கோ பொருள் ஓரளவு இருந்தும், அளவும் நாளும் கணக்கும் இல்லை.

ஆகவே எக்காரியத்தைத் தொடங்கினும் நான்கு செய்திகளை முதலில் எழுதிக் கொள்வோம். எவ்வளவு, எந்நாளுக்குள், என்ன செலவு என்பன மூன்று. இதற்குமுன் முயன்றவர் எதனால் நின்றனர் என்பது நான்காவது. நான்காவதை எழுதாதவன் அதே குழியில் விழுவான். முதல் வெள்ளத்தில் கரை போனால், திட்டமே பிழையென்று கூச்சலிடாமல், போனது எவ்வளவு, நின்றது எவ்வளவு எனப் பார்த்து மீண்டும் தொடங்குவோம். ஐம்பது வீட்டார் நாள்தோறும் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் இட்டுவந்தால், ஓராண்டில் ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு உதவும் நிதி சேரும். நம் தாய்மார் பெரிய அணை கட்ட வேண்டுவதில்லை. இச்சிறு கரையைக் கட்டினாற் போதும்.

இறுதியாக ஒன்று. பெரியாற்று நீர் கால்வாயில் வரும்போது இது யாருடைய வயல் என்று கேட்டுப் பாய்வதில்லை. அணையைக் கட்டிய கைகளும் பல குலத்துக் கைகளே. நம் சங்கம் நம்மவர் நலத்துக்கென எழுந்ததே, எனினும் நாம் கட்டும் விடுதியில் அயல்வீட்டு ஏழைப் பிள்ளைக்கும் ஒரு பாயும், நாம் திறக்கும் நூல்நிலையத்தில் யாவர்க்கும் ஓர் இருக்கையும் இருக்குமாயின் நம் சிறப்புக் குறையாது, பெருகும். தன் குலத்துக்கு மட்டும் நன்மை செய்தவனைத் தன் குலம் மட்டும் நினைக்கும். நாட்டுக்கு நன்மை செய்தவனை, மொழியும் மதமும் வேறாயினும், நாடு பொங்கலிட்டு நினைக்கும் என்பதற்குப் பென்னிகுவிக் துரையவர்களே சான்று.

இவ்வுறுதியை நம் இளைஞர் தம் நெஞ்சத்திற் பதித்து, நாளைய தினமே ஏட்டை எடுத்துத் தம் முதற்கணக்கை எழுதத் தொடங்குவாராக. நீர்வளம் பெருகுக, நிலவளம் பெருகுக, முயற்சி வளம் அவற்றினும் பெருகுக!